படத்துக்கு விலையா, சாட்சிக்கு விலையா?

கோர்ட்டில் மனிதர் பொய் சொல்லக்கூடும், படம் பொய் சொல்லாது என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையில் பாதியே உண்மை. படம் தானாக ஒன்றையும் சொல்வதில்லை. அதை எடுத்தவர் சாட்சிக் கூண்டிலேறி, இன்ன தேதியில், இன்ன இடத்தில் நின்று, இன்ன காமிராவினால் நான் இதை எடுத்தேன் என்று பிரமாணம் செய்து சொன்ன பிறகே அதற்குப் பேசும் சக்தி உண்டாகிறது. ஆகவே வழக்குக்காகப் படம் பிடிக்கும் போட்டோக்காரர் வெறும் கைத்தொழிலாளி மாத்திரம் அல்லர். அவர் ஒரு சாட்சியுமாவார். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், அவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை எம்முறையில் கணக்கிடுவது என்ற கேள்விக்கு விடை தானே புலப்படும்.

கூலிப் பேச்சு கடைத்தெருவில் தீர வேண்டிய விஷயமாயிற்றே, அதைப் பத்திரிகையில் விவாதிக்க வேண்டுமா என்று சில நேயர்கள் நினைக்கலாம். திருவள்ளூர் ஜில்லாவின் நிலைமையைச் சற்றுக் கவனித்தால் அந்தச் சந்தேகம் நீங்கிவிடும். அங்கே விரலையிழந்த தொழிலாளியும், கிணறு கெட்ட குடியானவரும், வலை நாசமான மீனவரும் நியாயஸ்தலத்தை நாடும்போது, அவர்கள் கையிலுள்ள சில படங்களையே வழக்கு நம்பியிருக்கிறது. அந்தப் படங்களை அரைக்கூலிக்கு எடுத்தால் அவை அரைச் சாட்சியமாகவே நிற்கின்றன.

தொழிற்பேட்டையும் வியாஜ்யங்களும்

சென்னையிலிருந்து கல்கத்தா ராஜபாட்டையில் வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் சென்றால் கும்மிடிப்பூண்டி. 1971-ல் தோன்றிய சிப்காட் ஸ்தாபனத்தின் தொழிற்பேட்டை அங்கே பரந்து கிடக்கிறது. இரும்பை உருக்கும் ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் அதில் உண்டு. அதே தாலூகாவிலுள்ள தேர்வாய் கண்டிகையில் மற்றொரு சிப்காட் பேட்டை எழுந்தது. அந்த நிலம் தங்கள் ஆடுமாடுகளின் மேய்ச்சலுக்கு ஆதாரமானது என்று கிராமத்தார் நெடுநாள் போராடினார்கள். அங்கே ஆலை அமைத்த பிரெஞ்சு டயர்க் கம்பெனியான மிஷலின் மீதான புகார் 2012-ல் பிரான்ஸ் தேசம் வரையில் சென்றது. அதே பக்கத்தில் 500 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020-ல் திறக்கப்பட்டது. அதற்காகவும் நிலங்கள் எடுக்கப்பட்டன. திருவள்ளூர் நகரத்தையொட்டிக் காக்களூர்த் தொழிற்பேட்டை. கடலோரத்தில் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும். இவற்றுக்கிடையே இரவும் பகலும் ஓடும் கன்டெய்னர் லாரிகள்.

இத்தகைய பிரதேசத்தில் வியாஜ்யங்கள் மலிவது இயற்கையே. இயந்திரத்தில் கை சிக்கியதற்கு நஷ்டஈடு, கழிவுநீர் கலந்த ஏரிக்குப் பரிகாரம், லாரி மோதியதற்கு ஈட்டுத்தொகை, எடுக்கப்பட்ட நிலத்திலிருந்த மரத்துக்கும் கிணற்றுக்கும் விலை என்று அவை பலவகைப்படும். இவையனைத்துக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. தகராறுக்குக் காரணமான பொருள் வெகு விரைவில் மறைந்துவிடுகிறது. காப்பு மூடியில்லாமல் ஓடிய இயந்திரத்துக்கு விபத்து நடந்த மறுநாளே மூடி மாட்டிவிடலாம். கால்வாயில் ஓடிய கறுப்பு நீரை ஒரு மழை அடித்துக்கொண்டு போய்விடும். கிணறும் மாந்தோப்பும் மண்வாரி இயந்திரத்துக்கு ஒரு பகல் வேலை. 2024 அக்டோபர் 11-ந் தேதி இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. சில நாட்களில் தண்டவாளம் சீராகி வண்டிகள் முன்போல் ஓடலாயின. உலகம் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான். ஆனால் நஷ்டப்பட்டவருக்கு மிஞ்சுவது அன்று எடுத்த படம் ஒன்றே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது நேயர்களுக்கு நினைவிருக்கும். தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அந்த விவகாரத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு ரூ.12,500-ம், படகுக்கு ரூ.10,000-ம் நிவாரணமாகச் சர்க்கார் அறிவித்தது. அதற்கு மேல் ஒரு மீனவர் தம் நஷ்டத்தைக் கேட்க வேண்டுமானால், எந்தப் படகு, யாருடையது, எண்ணெய் எதுவரையில் ஏறியிருந்தது, எந்த வலை எவ்வளவு கெட்டது என்பதையெல்லாம் ருசுப்படுத்த வேண்டும். படகின் பதிவு எண் தெரியும்படி எடுத்த ஒரு படம் இங்கே பத்து சாட்சிகளுக்குச் சமம். எண் தெரியாத அழகான படம் பத்திரிகைக்கு உதவலாம், கோர்ட்டுக்கு உதவாது.

படம் சாட்சியான வரலாறு

படத்தின் இந்தச் சக்தியை நம் தேசிய இயக்கம் முன்னரே அறிந்திருந்தது. 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்த படுகொலைக்குப் பிறகு, நாராயண விநாயக் விர்க்கர் என்னும் போட்டோக்காரர் அங்கே சென்றார். குண்டு துளைத்த சுவர்களையும், அத்துளைகளைச் சுட்டிக்காட்டி நிற்கும் மனிதர்களையும் படமெடுத்தார். துளைக்கு அருகே ஒரு மனிதன் நிற்பதனால் அதன் உயரமும் அளவும் பார்ப்பவருக்கு விளங்குகின்றன. துக்கத்தைக் காட்டுவதோடு நில்லாமல் அளவையும் காட்டியதே அப்படங்களின் பலம். சர்க்கார் அறிக்கைகள் எவ்வளவு மழுப்பினாலும் அந்தச் சுவரை மழுப்ப முடியவில்லை.

பிற தேசங்களிலும் இவ்வாறே. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டு ரப்பர்க் காடுகளில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சி செய்த கொடுமைகளை ஆலிஸ் ஸீலி ஹாரிஸ் என்ற பாதிரியாரின் மனைவி எடுத்த படங்கள் உலகத்துக்குக் காட்டின. அமெரிக்காவில் குழந்தைத் தொழிலை எதிர்த்த தேசியக் கமிட்டி, 1908-லிருந்து லூயிஸ் ஹைன் என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஆலைகளிலும் சுரங்கங்களிலும் படமெடுக்கச் செய்தது. ஹைன் குழந்தைகளின் வயதையும் வேலை நேரத்தையும் குறித்துவைத்தார். தொழிலாளிக்காகப் படமெடுப்பவருக்கும் வயிறு உண்டு என்பதை அந்தக் கமிட்டி உணர்ந்திருந்தது. தர்மகாரியம் என்ற பெயரால் அவரைப் பட்டினி போடவில்லை.

சட்டம் கேட்பது என்ன?

முற்காலத்தில் போட்டோக்காரர் நெகடிவைக் கொண்டுவந்து காட்டிச் சாட்சி சொன்னால் போதும். பிலிம் போய் மின்னணுக் காமிரா வந்ததும் நெகடிவ் என்ற ஆதாரம் மறைந்தது. 2000-ம் வருஷத்தில் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்வோர் அதனுடன் சான்றிதழ் ஒன்றும் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் நகல் செல்லாது என்று 2014-ல் அன்வர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் இதை உறுதி செய்தார்கள். மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் கொண்டுவந்து கூண்டேறி நிரூபித்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் அவர்கள் விளக்கினார்கள்.

2024 ஜூலை 1 முதல் 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் அமலுக்கு வந்திருக்கிறது. அதன் 63-வது பிரிவு சான்றிதழை இரு பகுதிகளாக்கியிருக்கிறது. முதற்பகுதியைக் கட்சிக்காரர் தரப்பிலும், இரண்டாம் பகுதியை நிபுணர் ஒருவரும் பூர்த்தி செய்ய வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாதிரி, தொடர் எண் முதலியவற்றுடன் ஹாஷ் மதிப்பு என்பதையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் மதிப்பு என்பது படக்கோப்பிலிருந்து கணிதமுறையில் பெறப்படும் ஒரு நீண்ட எண்ணெழுத்துத் தொடர். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்தத் தொடர் மாறிவிடும். அரக்கு முத்திரை முற்காலத்தில் செய்த வேலையை இது செய்கிறதென்று சொல்லலாம்.

இதிலிருந்து விளங்குவது யாது? போட்டோக்காரரின் வேலை படம் பிடித்ததோடு முடிவதில்லை. மெமரி கார்டை அழிக்காமல் உறையிலிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். வழக்கு நடக்கும் வருஷங்கள் முழுவதும் அது அவரிடம் இருக்க வேண்டும். கோப்பைத் திருத்தாமல் நகலெடுக்க வேண்டும். ஹாஷ் மதிப்பைக் கணக்கிட வேண்டும். சான்றிதழுக்கு விவரம் கொடுக்க வேண்டும். சம்மன் வந்தால் திருவள்ளூருக்கோ பொன்னேரிக்கோ சென்று, வழக்கு அழைக்கப்படும் வரையில் காத்திருந்து, குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுக்க வேண்டும். இவ்வளவையும் செய்கிறவருக்கு ஒரு படத்துக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்தனுப்புவது நியாயமாகுமா?

நான்கு விலை முறைகள்

சொந்தத்தில் தொழில் செய்யும் போட்டோக்காரர்களுக்குக் கூலி கொடுப்பதில் நான்கு முறைகளை நினைக்கலாம்.

முதலாவது, படத்துக்கு இவ்வளவு என்பது. இது பார்வைக்குச் சிக்கனமானது, வழக்குக்கு விஷமானது. கட்சிக்காரர் நாற்பது படங்களைப் பார்த்து, தமக்குச் சாதகமான எட்டுப் படங்களுக்கு மட்டும் பணம் கொடுப்பார். மற்ற முப்பத்திரண்டையும் வைத்திருப்பதனால் தமக்கு லாபமில்லை என்று போட்டோக்காரர் அழித்துவிடுவார். காமிரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண் இடுகிறது. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, பதின்மூன்றாம் எண்ணுக்கும் பத்தொன்பதாம் எண்ணுக்கும் நடுவிலுள்ள ஐந்து படங்கள் எங்கே என்று கேட்கும்போது, சாட்சி விழிக்க வேண்டியதுதான். அழிந்த ஐந்தில் ஒன்றுமே இல்லாமலிருக்கலாம். ஆனால் மறைத்தார் என்ற பழி நின்றுவிடும். கூலி முறை இவ்விதம் சாட்சியத்தைக் கெடுத்துவிடுகிறது.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை என்ற குத்தகை முறை. கல்யாணத்துக்கு இது பொருந்தும். முகூர்த்தம் எப்பொழுது, விருந்து எப்பொழுது, ஆல்பம் எத்தனை பக்கம் என்பது முன்கூட்டியே தெரியும். வழக்கு அப்படிப்பட்டதன்று. எத்தனை வாய்தா, எத்தனை வருஷம் என்று யார் சொல்ல முடியும்? குத்தகை பேசிய போட்டோக்காரர் மூன்றாவது வாய்தாவில் சலித்துப்போய்க் கோர்ட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார். அவரைக் குறை கூறுவதில் பயனில்லை.

மூன்றாவது, வழக்கு ஜயித்தால் பங்கு என்பது. இதை அடியோடு விலக்க வேண்டும். வக்கீல்களே வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாதென்று இந்திய வக்கீல்கள் கவுன்சில் விதி செய்திருக்கிறது. வாதிப்பவருக்கே கூடாதது சாட்சி சொல்பவருக்கு எப்படிக் கூடும்? தீர்ப்பில் பங்குள்ள சாட்சியின் சொல்லை எந்த நீதிபதி மதிப்பார்? ஏழைக் கட்சிக்காரரிடம் இரக்கம் கொண்டு, ஜயித்த பிறகு கொடுங்கள் என்று சொல்லும் போட்டோக்காரர், தம்மையறியாமலே அந்த ஏழையின் வழக்குக்குக் குழி பறிக்கிறார்.

நான்காவது, நாட்கூலி முறை. எடுத்த படங்களின் எண்ணிக்கையையோ, தீர்ப்பின் போக்கையோ அது கவனிப்பதில்லை. செலவான நேரத்துக்கும் பொருளுக்கும் மட்டுமே கணக்கு. சாதகமான படம், பாதகமான படம் என்ற வித்தியாசம் போட்டோக்காரருக்கு இல்லாமற் போகிறது. நாற்பதும் வரிசை குலையாமல் நிற்கும். சாட்சிக்கு ஏற்ற கூலி முறை இது ஒன்றே என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஒரு கணக்கு

நாட்கூலியை எப்படி நிர்ணயிப்பது? அடுத்த கடைக்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரிப்பது வழக்கம். அவரும் இன்னொருவரை விசாரித்தே சொல்லியிருப்பார். அதைவிடத் தம் சொந்தச் செலவைக் கணக்கிடுவதே மேல். உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்கைக் கீழே காட்டுகிறோம். தொகைகளை ஒவ்வொருவரும் தம் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

காமிரா, லென்சுகள், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு ரூ.3,00,000 முதல் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவை ஐந்து வருஷம் உழைக்கும் என்றால் வருஷத் தேய்மானம் ரூ.60,000. பழுது பார்ப்பு, இன்ஷூரன்ஸ், கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்குகள் ஆகியவற்றுக்கு ரூ.30,000. கடை வாடகை, மின்சாரம், டெலிபோன் ஆகியவற்றுக்கு மாதம் ரூ.10,000 வீதம் ரூ.1,20,000. குடும்பம் நடத்த மாதம் ரூ.30,000 வீதம் ரூ.3,60,000. ஆக வருஷத்துக்கு ரூ.5,70,000 வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மற்ற மாதங்களிலும் தினமும் அழைப்பு வருவதில்லை. வருஷத்தில் 120 நாட்கள் கூலி கிடைக்கும் என்று கொண்டால், நாள் ஒன்றுக்கு ரூ.4,750 வர வேண்டும். இது லாபமன்று, நஷ்டமில்லாமல் நிற்கும் எல்லை.

இப்போது ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கழிவுநீர் பாயும் நிலத்தைப் படமெடுக்க ஒரு நாள், ரூ.4,750. நகலெடுத்து, ஹாஷ் மதிப்புக் கணக்கிட்டு, சான்றிதழுக்கு விவரம் எழுத அரை நாள், ரூ.2,375. வழக்கு முடியும் வரையில் ஒதுக்கி வைக்க வேண்டிய மெமரி கார்டு ரூ.1,500. கோர்ட்டுக்கும் எதிர்க்கட்சிக்குமாக நாற்பது அச்சுப் பிரதிகள், ரூ.30 வீதம் ரூ.1,200. வழிச்செலவு ரூ.800. மொத்தம் ரூ.10,625. சான்றிதழின் இரண்டாம் பகுதியில் கையொப்பமிடும் நிபுணரின் கட்டணத்தைக் கட்சிக்காரர் நேரே கொடுத்துவிடுவது நல்லது. அது போட்டோக்காரர் பில்லில் கலக்க வேண்டியதில்லை.

பத்தாயிரம் ரூபாயா என்று கட்சிக்காரர் திடுக்கிடலாம். ஆனால் பில் இவ்வாறு பிரிவு பிரிவாக இருக்குமானால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்பது அவருக்கே தெரியும். பிரதிகளைக் குறைக்கலாம். இரண்டு அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் சேர்ந்து ஒரே நாளில் வேலையை முடித்து நாட்கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம். மெமரி கார்டைப் பத்திரப்படுத்தும் செலவை மாத்திரம் குறைக்கலாகாது. வேறொரு நன்மையும் உண்டு. ஜயித்த கட்சிக்கு வழக்குச் செலவைத் தோற்ற கட்சி கொடுக்கும்படி உத்தரவிட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. பில்லும் ரசீதும் இருந்தால் அந்தச் செலவைக் கேட்க வழியுண்டு. வாய்ப்பேச்சாகக் கொடுத்த பணத்துக்கு வழியேது?

கோர்ட்டு நாளின் கூலி

சாட்சிக்கு வருபவருக்கு வழிச்செலவும் படியும் முன்பணமாகக் கட்டப்பட வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-வது ஆர்டர் விதிக்கிறது. நிபுணராக அழைக்கப்பட்டவருக்கு, சாட்சி சொன்ன நேரத்துக்கும் அதற்கு முன் செய்த நிபுணத்துவ வேலைக்கும் நியாயமான ஊதியம் அளிக்கலாம் என்றும் அது சொல்கிறது. கிரிமினல் வழக்கில் சாட்சியின் நியாயமான செலவைச் சர்க்கார் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் போட்டோக்காரரைப் பெரும்பாலும் சாதாரணச் சாட்சியாகவே அழைக்கிறார்கள். அவருக்குக் கிடைக்கும் பேட்டா, அன்று பூட்டிக் கிடந்த கடைக்கு ஈடாகாது.

ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே, கோர்ட்டுக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் நாட்கூலியும் வழிச்செலவும் உண்டு என்று கடிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வாய்தா தள்ளிப்போனாலும் அது நாளே. இந்தக் கூலி நேரத்துக்குரியது, சொல்லும் சொல்லுக்குரியதன்று என்பதையும் அதிலேயே குறிப்பிட வேண்டும். எதிர்க்கட்சி வக்கீல், பணம் வாங்கிக்கொண்டுதானே வந்தீர் என்று கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஆம், இதோ பில், அந்தப் பக்கத்தார் அழைத்திருந்தாலும் இதே கூலிதான் என்று நிமிர்ந்து சொல்லலாம். மறைத்து வாங்கிய ஐந்நூறு ரூபாய் சாட்சியைக் கெடுக்கும். வெளிப்படையாக வாங்கிய ஐயாயிரம் கெடுக்காது.

படத்தின் உரிமை யாருக்கு என்பதையும் அந்தக் கடிதத்திலேயே தீர்த்துவிட வேண்டும். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கோர்ட்டு நடவடிக்கைக்காகப் படத்தைப் பிரதி செய்வது உரிமை மீறலாகாது என்று 52-வது பிரிவு சொல்கிறது. எனவே வழக்குக்காக எடுத்த படத்தை வேறெவருக்கும் விற்பதற்குமுன் போட்டோக்காரர் யோசிக்க வேண்டும். கட்சிக்காரரின் ரகசியமும் அதில் அடங்கியிருக்கிறது.

ஆலை மதிலுக்குள் நுழைவதைப்பற்றி ஒரு வார்த்தை. கட்சிக்காரரின் போட்டோக்காரருக்கு மதில் தாண்டும் உரிமை கிடையாது. உள்ளே பார்க்க வேண்டுமானால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26-வது ஆர்டர் 9-வது விதியின்படி வக்கீல் கமிஷனரை நியமிக்கும்படி கோர்ட்டைக் கேட்டு, அவருடன் செல்ல வேண்டும். டிரோனை எழுப்புவோர் 2021-ம் வருஷத்து டிரோன் விதிகளின்படி வான் வரைபடத்தைப் பார்த்து, அனுமதி தேவைப்படும் இடமானால் அதைப் பெற வேண்டும். துறைமுகங்களும் ஸ்ரீஹரிக்கோட்டாவும் அருகிலுள்ள இப்பிரதேசத்தில் இந்த ஜாக்கிரதை மிகவும் அவசியம். சட்டத்தை மீறி எடுத்த படத்துக்குக் கூடுதல் கூலி தருவதாகச் சொல்பவர் போட்டோக்காரரையே பிரதிவாதியாக்கிவிடுவார்.

ஏழை என்ன செய்வான்?

இவ்வளவும் சரி, அன்றாடங்காய்ச்சியான தொழிலாளி பத்தாயிரத்துக்கு எங்கே போவான் என்ற கேள்வி நியாயமானது. இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது தர்மமாகாது.

இப்பொழுது எல்லார் கையிலும் காமிராவுள்ள செல்போன் இருக்கிறது. விபத்து நடந்த கணத்தில் பக்கத்திலிருந்த தொழிலாளி எடுத்த படத்தை எந்தப் போட்டோக்காரரின் படமும் மிஞ்சாது. ஆனால் அதை வாட்ஸாப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டுப் போனை விற்றுவிட்டால் பயனில்லை. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது. எடுத்த நேரம், இடம் முதலிய குறிப்புகளும் அதைவிட்டுப் போய்விடுகின்றன. மூலப்படம் உள்ள போனைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எடுத்தவரே சாட்சி சொல்ல முன்வர வேண்டும். சங்கத் தோழர்கள் இதை ஆலைதோறும் எடுத்துச் சொல்வார்களானால் பெரிய உபகாரமாகும்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாட்சியச் சட்ட விதிகள் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்துவதில்லை என்று 2010-ம் வருஷத்துச் சட்டம் சொல்வது உண்மையே. ஆனால் அதே சட்டத்தின் 14-வது பிரிவின் கீழ் வரும் மனுவுக்கு, காரணம் முதன்முதல் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதமே கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். கழிவு எப்பொழுது வரத் தொடங்கிற்று என்ற தேதியே அங்கே வழக்கின் உயிராகிவிடுகிறது. தேதி நிச்சயமில்லாத படம் அங்கும் பலமிழந்துவிடும்.

போட்டோக்காரரை அமர்த்தியே தீர வேண்டிய இடத்தில் ஏழைக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு, தொழிலாளர், பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கும், வெள்ளம், தொழிற்சாலை விபத்து முதலிய பெருந்துன்பங்களுக்கு ஆளானோருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்காகவும் எண்ணூர் மீனவருக்காகவுமே எழுதியதுபோல் இருக்கிறது இந்தப் பிரிவு! சட்ட உதவி என்பது வக்கீலை மட்டும் கொடுப்பதன்று. வழக்கை நடத்துவதற்கான எந்தச் சேவையும் அதில் அடங்கும் என்று சட்டமே விளக்குகிறது. ஆகவே படமெடுக்கும் செலவையும் அதில் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காத உரிமை பெட்டியில் பூட்டிய நகையைப் போன்றது.

போட்டோக்காரர் தாமாக உதவ விரும்பினால் அதற்கும் நேர்மையான வழியுண்டு. பில்லில் முழுத்தொகையையும் எழுதி, அதன் கீழ்ச் சலுகை இவ்வளவு என்று காட்டிக் கழித்துவிடலாம். ஒரு ரூபாய்கூட வாங்காமலும் இருக்கலாம். தீர்ப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாகாது.

செய்ய வேண்டியவை

கடமை மூவருக்கு இருக்கிறது. போட்டோக்காரர்கள் ஜில்லா அளவில் கூடி, நாட்கூலி, அரைநாட்கூலி, கோர்ட்டு நாள், பாதுகாப்பு, பிரதி என்று பிரிவுகளிட்ட பொதுவான பில் நமூனா ஒன்றைத் தயாரிக்க வேண்டும். தொகையை அவரவரே நிரப்பட்டும், பிரிவுகள் ஒன்றாயிருக்கட்டும். திருவள்ளூர், பொன்னேரி வக்கீல்கள், கட்சிக்காரரிடமிருந்து செலவுத் தொகை வாங்கும்போது போட்டோக்காரரின் கூலியைத் தனியாகக் குறித்து, அவருக்கு ரசீதுடன் சேர்ப்பிக்க வேண்டும். மூன்றாவதாக, சட்டப் பணிகள் ஆணையம் படமெடுப்போர் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏழைகளின் வழக்குகளுக்கு நியாயமான நாட்கூலியில் அவர்களை அனுப்ப வேண்டும். வக்கீல்களுக்குப் பட்டியல் வைத்திருக்கும் ஆணையத்துக்கு இது பெரிய பாரமாகாது.

பணமுள்ள கம்பெனி நிபுணரையும், வீடியோவையும், வான்படத்தையும் கொண்டுவந்து கோர்ட்டில் நிறுத்தும். எதிரே நிற்கும் தொழிலாளியின் கையில் மங்கலான நான்கு பிரதிகளும், வராமற்போன ஒரு சாட்சியும் இருந்தால் நீதிபதி என்ன செய்ய முடியும்? சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அரசியல் சாசனம் கூறுகிறது. சாட்சியத்திலும் அந்தச் சமத்துவம் வர வேண்டுமானால் சாட்சியத்தைத் தேடித் தருபவர் நேர்மையாகப் பிழைக்க வழி வேண்டும். போட்டோக்காரரிடம் விலையைக் குறைக்கப் பேரம் பேசும் கட்சிக்காரர், தாம் குறைப்பது படத்தின் விலையையா அல்லது தம் வழக்கின் பலத்தையா என்பதை ஒரு முறை சிந்தித்துப் பார்ப்பாராக.